பிளஸ் 1-ல் கம்ப்யூட்டர் சயின்ஸா, புள்ளியியலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்மண் (மே 19, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணக்கில் கெட்டி. எங்கள் ஊர் உதவிபெறும் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் பொது. நான்காவது பாடமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது புள்ளியியல் எடுக்கலாம். உயிரியல் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், அதில் பேச்சு இல்லை.

அவளுக்குப் புள்ளியியல் மேல்தான் கண். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் கடைசியாக வரும் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடம் செய்த வேலை. ஒருநாள் கடைக்கே நோட்டோடு வந்து, "ரெண்டு செக்‌ஷனுக்கும் சராசரி ஒண்ணுதாம்ப்பா. ஆனா ஒண்ணுல எல்லாரும் சுமார், இன்னொண்ணுல பாதிப்பேர் டாப்பு, மீதிப்பேர் ஃபெயிலு. சராசரிய மட்டும் பாத்தா தெரியுமா?" என்று கேட்டாள். நான் பெயிண்ட் கடை வைத்திருப்பவன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரல். "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு ஆள் ஆளாய் அலையுறாங்க, கையில கிடைச்சதை விடுவாங்களா?" என்கிறார்கள். என் கேள்வி இரண்டுதான். புள்ளியியல் எடுத்தால் இன்ஜினியரிங் கதவு அடைபடுமா? இதைப் படித்தவர்கள் கடைசியில் எங்கேதான் போய்ச் சேர்கிறார்கள்?

நெல்லைநெட் (மே 19, இரவு 10.15)

சார், ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். ஐ.டி.யில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். பிளஸ் 2-வில் புள்ளியியல் படித்தாயா என்று இதுவரை எவரையும் கேட்டதில்லை, யாரும் கேட்டு நான் பார்த்ததும் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். அதிலேயே பைதான் இருக்கிறது. புள்ளியியல் எப்படியும் கல்லூரியில் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் அதை எடுப்பவர்கள் பெரும்பாலும் வேறு குரூப் கிடைக்காதவர்கள்தான்.

மதுரை டீச்சர் (மே 20, காலை 6.05)

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன் நெல்லைநெட் தம்பி. புள்ளியியல் முதுகலை ஆசிரியராக இருப்பதால் மறுக்க எனக்கு உரிமை உண்டு. 😊

கரிசல்மண் சார், முதல் கேள்விக்குப் பதில் எளிது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான்காவது பாடம் எதுவாக இருந்தாலும் அந்தக் கணக்கிலேயே வராது. எனவே கதவு அடைபடாது. கணிதத்தை விட்டுவிட்டு வணிகவியலோடு புள்ளியியல் எடுக்கும் குரூப்பும் சில பள்ளிகளில் இருக்கிறது. அது வேறு கதை, அதை உங்களுக்குச் சொல்லவில்லை.

பாடத்தில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. பிளஸ் 1-ல் தரவு சேகரிப்பது, கூறெடுப்பது, வரைபடம், சராசரி, சிதறல் என்று மெதுவாகத் தொடங்கி நிகழ்தகவு, பரவல்கள் வரை போகும். பிளஸ் 2-வில்தான் சூடு பிடிக்கும். முதல் பாடமே எடுகோள் சோதனை, அதாவது ஓர் அனுமானம் கையில் உள்ள தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பிறகு டி சோதனை, கை-வர்க்கச் சோதனை, எஃப் சோதனை, ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, விலைவாசிக் குறியீட்டு எண்கள், காலத்தொடர், பிறப்பு இறப்புக் கணக்குகள். செய்முறையும் உண்டு. ஒரு காலத்தில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் நாங்கள் தொட்ட பகுதிகள் இவை.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளியில் புள்ளியியலுக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா? பலகையில் பாடத்தின் பெயர் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்க மாட்டார். அப்படிப் பல பள்ளிகள்.

வயல்வரப்பு (மே 20, மதியம் 1.30)

இரண்டாம் கேள்விக்கு நான் ஒரு பதில். மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் இருக்கிறேன், டெல்டா பக்கம். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புள்ளியியல் சார்நிலைப் பணிகள் தேர்வு எழுதி வந்தவன். எங்கள் வேலை என்னவென்று சொந்த ஊரிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. வி.ஏ.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்றைச் சொல்கிறேன், பாப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை. ஒரு வட்டாரத்தில் நெல் எவ்வளவு விளைந்தது என்று எல்லா வயலையும் அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் கிராமமும் குலுக்கல் முறை, புல எண்ணும் குலுக்கல் முறை. வயலுக்குள் எந்த இடம் என்பதுகூட நம் விருப்பம் கிடையாது. கன்னி மூலையில் (தென்மேற்கு) நின்றுகொண்டு, கையில் இருக்கும் சமவாய்ப்பு (ரேண்டம்) எண் ஜோடிப்படி நீளவாட்டில் இத்தனை எட்டு, அகலவாட்டில் இத்தனை எட்டு நடக்க வேண்டும். நின்ற இடத்தில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, எடை போட வேண்டும்.

விவசாயி சும்மா இருக்க மாட்டார். "சார், இங்க பயிரு படுத்துக் கிடக்கு, அந்தப் பக்கம் வாங்க, கதிர் எப்படி நிக்குது பாருங்க" என்பார். காப்பீடு வருமா என்ற யோசனை உள்ளவர் நேர் எதிராக, "அந்தப் பொட்டல் பக்கம் அளந்தா என்ன?" என்பார். இருவரிடமும் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். அது பாடப்புத்தகத்தில் இல்லை. எண் சொல்லும் இடம்தான் இடம்.

இனி கணக்கு. 25 சதுர மீட்டரில் 12.5 கிலோ வந்தால், ஹெக்டேருக்கு 400 மடங்கு, அதாவது 5,000 கிலோ. எடையில் அரைக் கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 200 கிலோ பிசகும். பயிர்க் காப்பீட்டு இழப்பீடு பெரும்பாலும் இந்த எண்களை வைத்துத்தான். கயிற்றை ஒழுங்காக இழுத்துக் கட்டாவிட்டால் யாரோ ஒருவரின் பணம் போகும்.

இதில் ஒரு பழைய சண்டையும் உண்டு. மஹாலனோபிஸ், சுகாத்மே இருவருமே பெரிய புள்ளியியல் அறிஞர்கள். 1940-களில் மஹாலனோபிஸ் சின்னச் சின்னத் துண்டுகளாக நிறைய அறுக்கலாம் என்றார். சுகாத்மே பெரிய துண்டுதான் சரி என்றார். காரணம் வயலில் நின்று பார்த்தால் புரியும். துண்டு சின்னதாக இருந்தால் கயிற்றை ஒட்டி நிற்கும் குத்துகளை உள்ளே சேர்க்கத்தான் கை போகும், விளைச்சல் கூடுதலாகத் தெரியும். இந்த விஷயத்தில் சுகாத்மே பக்கம்தான் நான். களத்தில் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மத்திய அரசில் இன்னும் மேலே போக இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது, 1961-ல் உருவானது. யு.பி.எஸ்.சி. தேர்வு, 21 முதல் 30 வயது, எழுத்துத் தேர்வு 1,000 மதிப்பெண், நேர்முகம் 200. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். ஐ.ஏ.எஸ். கூட்டத்தோடு ஒப்பிட்டால் இதற்கு எழுதுபவர்கள் மிகக் குறைவு.

நெல்லைநெட் (மே 20, மாலை 4.10)

வயல்வரப்பு அண்ணன் பதிவு அருமை, மறுக்கவில்லை. ஆனால் அரசுப் பணி எத்தனை பேருக்கு? எந்தத் தேர்வை எப்போது அறிவிப்பார்கள் என்று காத்துக் கிடக்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. தனியார் துறைக்கு வந்தால் என் அனுபவமே கணக்கு.

சும்மா இல்லை, டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு நான் கேட்கும் முதல் கேள்வியையே இங்கே போடுகிறேன். ஆப்பில் வாங்கும் பட்டனை இரண்டு விதமாக வைத்தோம். முதல் விதத்தைப் பார்த்த 100 பேரில் 12 பேர் வாங்கினார்கள். இரண்டாம் விதத்தைப் பார்த்த 100 பேரில் 17 பேர். எதை வைப்பது? பி.இ., எம்.சி.ஏ. முடித்தவர்கள் பத்தில் எட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு "இரண்டாவது" என்பார்கள். நான் எதிர்பார்ப்பது அந்தப் பதில் இல்லை. இதையெல்லாம் வேலைக்கு வந்த பிறகு நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

மதுரை டீச்சர் (மே 20, இரவு 8.50)

தம்பி, நீங்கள் கேட்டது பிளஸ் 2 புள்ளியியல் முதல் பாடம். இரண்டு விகிதாசாரங்களுக்கு இடையிலான வித்தியாசம், பெருங்கூறு சோதனை.

200 பேரில் மொத்தம் 29 பேர், அதாவது 0.145. வித்தியாசத்தின் திட்டப் பிழை, அதாவது தற்செயலாகவே அது எவ்வளவு ஆடும் என்ற அளவு, ஏறக்குறைய 0.05. கிடைத்த வித்தியாசமும் 0.05. வகுத்தால் 1. தற்செயல் இல்லை என்று சொல்ல வழக்கமாகத் தாண்ட வேண்டிய அட்டவணை மதிப்பு 1.96-ஐத் தொடவே இல்லை. எனவே இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம், இன்னும் ஆட்களிடம் காட்டிப் பாருங்கள் என்பதுதான் பதில். இதே விகிதம் 1,000 பேருக்கு 120, 170 என்று வந்திருந்தால் அந்த எண் 3-ஐத் தாண்டியிருக்கும். அப்போது தயங்காமல் இரண்டாவதை வைக்கலாம்.

என் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளை இதைப் போட்டுவிடும். பத்தில் எட்டு பி.இ.க்குத் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் பள்ளியில் படித்து என்ன பயன் என்றும் நீங்களே கேட்கிறீர்கள்.

வயல்வரப்பு (மே 20, இரவு 9.02)

👏👏

மாத்திரைக்கணக்கு (மே 21, காலை 11.20)

டீச்சருக்கு ஒரு சல்யூட். நான் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) ஆள். பி.எஸ்சி. புள்ளியியல் சென்னையில், பிறகு முதுகலை, இப்போது மருந்து ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

என்ன வேலை என்று கேட்டால், புது மாத்திரை உண்மையிலேயே வேலை செய்கிறதா, நோயாளி தானாகவே தேறினாரா என்று பிரித்துச் சொல்வது. நாள் முழுக்க அட்டவணைகள். பாதியில் மாத்திரையை நிறுத்தியவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். கேட்க மொக்கையாக இருக்கும், ஆனால் மொத்த முடிவும் அங்கேதான் புரளும். இஷ்டத்துக்கு அவர்களை நீக்கிவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகிவிடும்.

இந்தத் துறையின் பெரிய கதைகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1950-களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் (காசநோய்க்கான தனி மருத்துவமனை) சேர்க்க வேண்டும், நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் வேண்டும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர்கூட அந்தக் காலத்தின் மிச்சம். ஆனால் படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ கணக்கில்லை. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து. நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு சானடோரியம், மறுபகுதிக்கு வீட்டிலேயே சிகிச்சை. இரு தரப்புக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே காசநோய் மருந்துகள், ஓராண்டு.

ஏன் சமவாய்ப்பு? டாக்டரின் விருப்பத்துக்கு விட்டால் முற்றிய நோயாளியைத்தான் உள்ளே சேர்ப்பார். பிறகு சானடோரியத்தில் அதிகம் பேர் சாகிறார்கள் என்று தப்பாகக் கணக்கு வரும். வயலில் எண் சொல்லும் இடத்தில் முளை அடிக்கிறாரே வயல்வரப்பு, அதே காரணம்தான்.

1959-ல் முடிவு வெளிவந்தது. குடிசையில், அரைகுறைச் சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை. அதன்பிறகு சானடோரியங்கள் உலகெங்கும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பாப்பா சென்னை வந்தால் வெளியே நின்றாவது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

பராநகர் (மே 21, மாலை 3.45)

நான் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் (ஐ.எஸ்.ஐ.) பி.ஸ்டாட்., அதாவது புள்ளியியல் பட்டப்படிப்பு படிக்கிறேன். இங்கே யாரும் ஐ.எஸ்.ஐ. பெயரைச் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். மஹாலனோபிஸ் 1931-ல் தொடங்கியது, 1960-லிருந்து பட்டப்படிப்பு இருக்கிறது. பி.ஸ்டாட்.டுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள்.

ஆனால் அங்கிளுக்கு ஒரு எச்சரிக்கை. நுழைவுத் தேர்வில் புள்ளியியல் கேட்க மாட்டார்கள்! முழுக்கக் கணிதம். காலையில் 30 கொள்குறி வினாக்கள், மதியம் 8 கணக்குகள், விரிவாக எழுத வேண்டும். எண் கோட்பாடு, சேர்மானம், சமனின்மை, நுண்கணிதம். புத்தகத்தைப் பார்த்துப் படித்து எழுதும் தேர்வு இல்லை. ஒரே கணக்கோடு ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டும் பழக்கம் வேண்டும். என் வகுப்பில் பள்ளியில் புள்ளியியலைத் தனிப் பாடமாகப் படித்தவர்கள் சிலர்தான். அவர்களுக்கு முதல் செமஸ்டர் கொஞ்சம் சுகம், அவ்வளவே. எனவே எதை எடுத்தாலும் கணிதத்தில் சுணங்கக் கூடாது.

நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. கணிதமேதை எஸ்.ஆர்.எஸ். வரதன், 1940-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்துவிட்டு ஐ.எஸ்.ஐ.க்கு வந்தபோது தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுப் பக்கம் போகத்தான் எண்ணம். இங்கே வாய்த்த சகாக்கள் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு இழுத்துவிட்டார்கள். புள்ளியியல் அறிஞர் சி.ஆர். ராவிடம் முனைவர் பட்டம், ஆய்வேட்டைப் பரிசீலித்தவர்களில் ரஷ்யக் கணிதமேதை கோல்மோகோரோவும் ஒருவர். 2007-ல் கணிதத்துக்கான உயரிய ஏபெல் பரிசு. விடுதியில் யார் பக்கத்து அறை என்பதும் முக்கியம் போலிருக்கிறது.

இடம் கிடைக்கவில்லை என்றால் சிறுசேரி சி.எம்.ஐ. (சென்னைக் கணிதவியல் கழகம்) இருக்கிறது, சென்னைக் கல்லூரிகளின் பி.எஸ்சி. இருக்கிறது. உலகம் முடிந்துவிடாது.

எடிசன்_அம்மா (மே 22, அதிகாலை 2.10)

நியூஜெர்சியிலிருந்து. இங்கேயும் இதே தகராறுதான், பெயர் மட்டும் வேறு. ஹைஸ்கூலில் ஏ.பி. ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று கல்லூரி அளவிலான பாடம் ஒன்று உண்டு. முதல் தேர்வு 1997-ல் நடந்தது. பையன் எழுதிய வருடம் 40 கொள்குறி, 6 விரிவான வினா, 5-க்கு மதிப்பெண். நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகளில் ஒரு பாடம் கழியும். என் பையன் எடுத்தான். வீட்டில் அவன் போட்ட கணக்குகளைவிட எழுதிய வாக்கியங்கள்தான் அதிகம். விடை சரியாக இருந்தும், அது எதைக் காட்டுகிறது என்று ஒழுங்காக எழுதாததால் மதிப்பெண் போனது. "இது கணக்கா, இங்கிலீஷா?" என்று சண்டை போட்டான்.

கால்குலஸை விட்டுவிட்டு இதை எடுத்தால் கல்லூரிகள் இளக்காரமாகப் பார்க்கும் என்ற பயம் இந்தியப் பெற்றோர்களிடம் நிறைய. கலிஃபோர்னியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அல்ஜீப்ரா 2 என்ற கணிதப் பாடத்துக்குப் பதிலாக டேட்டா சயின்ஸ் எடுக்கலாம் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2020-ல் வழிவிட்டது. பேராசிரியர்கள் பலர் கொதித்தார்கள். 2023-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கணிதத்தில் சுணங்கக் கூடாது என்று பராநகர் தம்பி சொன்னதையே அவர்களும் பெரிய கமிட்டி போட்டுச் சொன்னார்கள்.

பிரீமியம்பாபு (மே 22, காலை 9.30)

ஆக்சுவரி வேலையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பிளஸ் 2 முடித்தாலே இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதலாம். எத்தனை வயதுக்காரர் எப்போது இறப்பார் என்று கணக்குப் போட்டுப் பிரீமியம் வைக்கும் வேலை. சம்பளம் நன்று. பேப்பர்கள் வருடக்கணக்கில் இழுக்கும், பாதியில் விட்டவர்கள் ஏராளம். பொறுமை இருந்தால் மட்டும்.

கரிசல்மண் (மே 23, இரவு 10.20)

அனைவருக்கும் நன்றி. நெல் அறுப்பு பதிவையும் காசநோய்ப் பதிவையும் மகள் இரண்டு தடவை படித்தாள். நெல்லைநெட் தம்பியின் பட்டன் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். திட்டப் பிழை எங்கிருந்து வந்தது என்று புரியவில்லையாம்.

டீச்சர் சொன்னபடி இன்று பள்ளிக்குப் போய் விசாரித்தேன். புள்ளியியல் ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார், இடம் காலி. "வணிகவியல் சார் பார்த்துக்கொள்வார், போன வருஷமும் எல்லாரும் பாஸ்" என்றார்கள். இப்போது என்ன செய்வது?

மதுரை டீச்சர் (மே 24, காலை 5.50)

அப்படியானால் அந்தப் பள்ளியில் புள்ளியியல் எடுக்க வேண்டாம் சார். இந்தப் பாடத்தை இத்தனை வருடம் நடத்துபவள் சொல்கிறேன். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்க வணிகவியல் சார் சொல்லித்தந்துவிடுவார், நூற்றுக்கு நூறுகூட வரலாம். ஆனால் எந்த இடத்தில் எந்தச் சோதனை, ஏன் அந்தச் சோதனை என்று கேட்கும்போது பதில் இருக்காது. அவர் மேல் தப்பில்லை, அவர் படித்தது அது இல்லை. உங்கள் மகள் கேட்கிற ஆள். பதில் கிடைக்காத வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தால் இருக்கிற ஆசையும் போய்விடும்.

பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர் இருக்கிறாரா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். பிளஸ் 1, பிளஸ் 2 புள்ளியியல் புத்தகங்கள் அரசுப் பாடநூல் தளத்தில் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறையில் ஒவ்வொரு பாடமாகப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் இங்கே போடச் சொல்லுங்கள்.

நெல்லைநெட் (மே 24, காலை 8.15)

கடைசியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே வந்தோம் பார்த்தீர்களா டீச்சர். 😄

மதுரை டீச்சர் (மே 24, காலை 8.40)

ஆள் இல்லாததால் வந்தோம் தம்பி. அதையும் உங்கள் கணக்கில் வெற்றியாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

நெல்லைநெட் (மே 24, காலை 8.55)

சரி, எழுதவில்லை. பாப்பா பைதான் படிக்கத் தொடங்கியதும் சொல்லுங்கள் சார். அதே பட்டன் கணக்கை, காசு சுண்டுவது மாதிரி கம்ப்யூட்டரையே பத்தாயிரம் தடவை ஓடவிட்டுப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பட்டன்களில் வித்தியாசமே இல்லாதபோதும் 5 பேர் அளவுக்கு இடைவெளி எத்தனை தடவை தானாக வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இருபது வரிகூட வராது. எழுதித் தருகிறேன்.

கரிசல்மண் (மே 24, இரவு 9.10)

மகள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதச் சொல்கிறாள். 18 கிலோமீட்டர் தள்ளி ஓர் அரசு மகளிர் பள்ளியில் புள்ளியியல் டீச்சர் இருக்கிறாராம், அங்கே படிக்கும் தோழியின் அக்கா சொன்னாளாம். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறோம். பஸ் நேரம் ஒத்துவர வேண்டும்.

நெல்லைநெட் அங்கிள் அந்த இருபது வரியை இப்போதே போட வேண்டுமாம். திட்டப் பிழை எங்கிருந்து வந்தது என்பதை டீச்சர் சொல்ல வேண்டுமாம்.